வாசலில் நீட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்காதீர்கள்

கேள்வி: கனடாவில், டொரொண்டோவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டு மேற்குச் சுவரில் செப்டெம்பர் கடைசியில் இருந்து கேடயம் போன்ற பழுப்புப் பூச்சிகள் அப்பிக் கிடக்கின்றன. மாடி அறைக்குள்ளும் வருகின்றன. வாசலுக்கு வந்த ஒருவர், வருடம் நான்கு முறை ‘இயற்கை மருந்து’ அடிப்பதாக ஒப்பந்தம் ஒன்றைத் தந்துவிட்டுப் போயிருக்கிறார். வீட்டில் எட்டு மாதக் குழந்தை. கையெழுத்து வைக்கலாமா?

பதில்: வேண்டாம்.

பூச்சியின் மீசையில் வெள்ளை வளையம் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அது ஸ்டிங்க் பக் என்ற நாற்றப் பூச்சி. கிழக்காசியப் பூச்சி. நம் ஒன்ராறியோ மாகாணத்தில் இது பெருகிவிட்டது என்பது 2012இல் ஹமில்டனில் உறுதியானது. நசுக்கினால் மல்லியிலையைக் கசக்கிய மாதிரி ஒரு நெடி வரும், அவ்வளவுதான். கடிக்காது, மரத்தை அரிக்காது, வீட்டுக்குள் முட்டையும் இடாது. பனிக்காலம் முடியும்வரை ஒடுங்கிக் கிடக்க ஓர் இடுக்குத் தேடித்தான் வருகிறது. பிள்ளையை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

சுவருக்குள் புகுந்துவிட்ட பூச்சிக்கு மருந்து எட்டாது. எட்டினாலும், உள்ளே செத்துக் குவிந்ததைத் தின்னக் கம்பள வண்டு வரும். பிறகு உங்கள் கம்பளி உடுப்பில் ஓட்டை விழும். ‘இயற்கை’ என்ற சொல்லிலும் ஏமாறாதீர்கள். சாமந்தி இனப் பூவில் எடுக்கும் பைரெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியும் இயற்கைதான். பிள்ளை தவழும் தரையில் அதை அடிக்க நான் சம்மதிக்க மாட்டேன். மருந்துப் போத்தலில் ஹெல்த் கனடா (மத்திய சுகாதாரத் துறை) பதிவு எண், அடிப்பவர் கையில் மாகாண உரிமம், இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். 2018 முதல் ஒன்ராறியோவில் அழையாமல் வந்து வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ், வாட்டர் ஹீட்டர் போன்றவற்றை விற்கச் சட்டப்படி கூடாது. அந்தப் பட்டியலில் பூச்சி மருந்தை ஏன் சேர்க்கவில்லை? எத்தனை வயதானவர்கள் கையெழுத்து வைத்த பிறகு சேர்ப்பார்கள்?

செய்ய வேண்டியது அடைப்பு வேலை. இரவில் உள்ளே விளக்குகளை அணைத்துவிட்டு, வெளியே ஒருவர் யன்னல், கதவு ஓரமாக டோர்ச் அடிக்கட்டும். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் பூச்சிக்கு வழி. ஏசி குழாய் சுவருக்குள் போகும் இடத்தை மறக்க வேண்டாம். வீடு கட்டுபவர்கள் அதை ஒழுங்காக அடைத்து நான் பார்த்ததில்லை. இடுக்கை அடைக்கும் பசையான கோக்கிங், வெளிப்புறத்துக்கானது, போதும். உள்ளே வந்ததைப் பிடிக்க, சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தை அதன் கீழே பிடித்து லேசாகத் தட்டுங்கள். பறக்காமல் பொத்தென்று விழும்.

ஆனால் கோக்கிங் துப்பாக்கி கையில் வந்ததும் கண்ட ஓட்டையையெல்லாம் அடைத்துவிடாதீர்கள். செங்கல் சுவரின் அடி வரிசையில் சில கல்லுக்கு ஒன்றாகக் கலவை பூசாத சிறு பிளவுகள் இருக்கும். கொத்தன் மறந்துவிட்டுப் போனதல்ல. கல்லுக்குப் பின்னால் இறங்கும் மழைநீர் அந்த வழியாகத்தான் வெளியேறும். அடைத்தால் ஈரம் தங்கி, மரச்சட்டம் உளுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். அதோடு ஒப்பிட்டால் பூச்சி ஒரு தொல்லையே இல்லை. துருப்பிடிக்காத கம்பி வலைத் துண்டை மட்டும் அங்கே செருகுங்கள்: தண்ணீர் வரும், பூச்சி போகாது. ஃபேர்னஸின் வெள்ளைக் குழாய்களில் அந்த வலையும் கூடாது. அடைபட்டால் நச்சுவாயு வீட்டுக்குள் திரும்பலாம்.

ஏற்கெனவே கையெழுத்து வைத்தவர்களுக்கு: வீட்டில் வைத்து எழுதிய, 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, பிரதி கைக்கு வந்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். எழுத்தில் அனுப்புங்கள். போனில் சொன்னால் ‘எங்களுக்குச் சொல்லவே இல்லை’ என்பார்கள்.