'பேராசிரியர்' அலைன் ப்ரோஸ்ட்: கேட்டதும் சொன்னதும்

பிரெஞ்சு ஃபார்முலா ஒன் ஓட்டுநர் அலைன் ப்ரோஸ்ட் பற்றி வந்த கேள்விகளுக்கு இன்று பதில் சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்தவர் என்பதால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

கே: அவருக்கு 'பேராசிரியர்' என்ற பெயர் எப்படி வந்தது, அண்ணா?

வண்டியைக் கசக்கிப் பிழியாமல் ஜெயிப்பார், தம்பி. டயர், பிரேக், பெட்ரோல் எல்லாவற்றையும் கடைசிச் சுற்றுகளுக்கென்று மிச்சம் பிடிப்பார். 1986 சீசனின் கடைசிப் பந்தயமான அடிலெய்டைப் பாருங்கள். உலக சாம்பியன் பட்டத்துக்கு அவர் ஜெயித்தே ஆக வேண்டும். அவரோடு பட்டத்துக்குப் போட்டியிட்ட மான்செலுக்கு மூன்றாம் இடமே போதும். நடுவில் பஞ்சராகி, டயர் மாற்றப் போய்ப் பின்தங்கினார் ப்ரோஸ்ட். ஆனாலும் பதறவில்லை. அப்புறம் நேர்ச்சாலையில் மான்செலின் பின் டயர் வெடித்தது. கடைசிச் சுற்றுகளில் பெட்ரோல் தீர்ந்துவிட்டதாகவே ப்ரோஸ்டின் மீட்டர் காட்டியது. ஓட்டிக்கொண்டே இருந்தார். முதல் ஆளாகக் கோட்டைத் தாண்டியதும் காரை நிறுத்தி, இறங்கித் துள்ளிக் குதித்தார்.

கே: அரைப் புள்ளியில் பட்டம் போனது உண்மையா?

உண்மைதான். 1984-ல் பட்டம் வென்ற அணித்தோழர் லௌடாவுக்கு 72 புள்ளி, ப்ரோஸ்டுக்கு 71.5. அந்த ஆண்டு மொனாகோவில் கொட்டும் மழை. முன்னணியில் இருந்த ப்ரோஸ்டே பந்தயத்தை நிறுத்தும்படி கையசைத்தார், நிறுத்தினார்கள். பாதியில் நின்றதால், வெற்றிக்கான 9-ல் பாதிப் புள்ளிதான், அதாவது 4.5. முழுப் பந்தயமும் நடந்து இரண்டாவதாக வந்திருந்தாலும் 6 கிடைத்திருக்கும், பட்டமும் அவருடையதே. 1982-ல் ஹாக்கன்ஹைம் மழையில் சக ஓட்டுநர் பிரோனி தன் கார்மீது மோதி, பிரோனியின் கால்கள் நொறுங்கியதைப் பார்த்தவர் ப்ரோஸ்ட். மழைக்குப் பயந்தவர் என்று அவரைச் சொல்வோரோடு எனக்கு உடன்பாடில்லை.

கே: சொந்த நாட்டிலேயே அவரைப் பிடிக்காதாமே, சார்?

ஒரு காலத்தில் அப்படித்தான். 1982-ல் பால் ரிக்கார்டு பந்தயத்தில் ப்ரோஸ்டுக்கு வழிவிடச் சொன்ன ரெனோ அணியின் உத்தரவை மீறி, அவருடைய அணித்தோழர் ஆர்னூ ஜெயித்தார். ப்ரோஸ்ட் கோபப்பட, மக்கள் ஆர்னூ பக்கம் நின்றார்கள். வீடு திரும்பும் வழியில் ஒரு பெட்ரோல் பங்க்; ஊழியர் இவரையே ஆர்னூ என்று நினைத்து வாழ்த்தி, ப்ரோஸ்டைத் திட்டித் தீர்த்தாராம். கார்டு கொடுத்தால் பெயர் தெரிந்துவிடுமே என்று ரொக்கமாகக் கொடுத்துவிட்டுக் கிளம்பியதாக ப்ரோஸ்டே சொல்லியிருக்கிறார். 1983-ல் 2 புள்ளியில் பட்டத்தை இழந்ததும் ரெனோ அவரை வெளியேற்றியது. 1985-ல் மெக்லாரன் அணியில் பட்டம் வென்று முதல் பிரெஞ்சு சாம்பியன் ஆனார்.

கே: சென்னாவா, ப்ரோஸ்டா?

வேகத்துக்கு, அவருடைய பெரும் போட்டியாளரான பிரேசில் ஓட்டுநர் சென்னா. ஒரு முழு சீசனுக்கு ப்ரோஸ்ட். 1988-ல் மொத்தப் புள்ளி ப்ரோஸ்டுக்கு 105, சென்னாவுக்கு 94. சிறந்த 11 முடிவுகள் மட்டுமே கணக்கு என்ற விதியால் பட்டம் சென்னாவுக்கு. 1989-ல் ஜப்பானின் சுசுகாவில் இருவர் கார்களும் மோதியபோது, ப்ரோஸ்ட் வளைவில் சீக்கிரமே திரும்பினார் என்றே நினைக்கிறேன். 1990-ல் அதே சுசுகாவின் முதல் வளைவில் சென்னா இடித்தது அதைவிட மோசம். 1994-ல் பந்தய விபத்தில் இறந்த சென்னாவின் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ப்ரோஸ்டும் ஒருவர்.

கே: ஓய்வுக்குப் பிறகு?

4 பட்டம், 51 வெற்றியோடு 1993-ல் விலகினார். அந்த வெற்றிக் கணக்கை 2001-ல்தான் ஷூமாக்கர் தாண்டினார். லிஜியே என்ற ஃபார்முலா ஒன் அணியை வாங்கித் தன் பெயரில் நடத்தினார். ஒரு வெற்றியும் இல்லாமல் 2002-ல் மூடப்பட்டது. ஆனால் பனிக்கட்டித் தளத்தில் நடக்கும் ஆந்த்ரோஸ் பந்தயத்தொடரை மூன்று முறை வென்றார், கடைசி முறை 2012-ல்.