முருங்கைக்காய்க்கு மூன்று விலை
(வாசகர் கேள்விகளுக்கு ஓய்வு பெற்ற பொருளியல் பேராசிரியை ஒருவரின் பதில்கள்)

கலைக் கல்லூரியில் பொருளியல் நடத்துகிறேன். இரண்டாம் ஆண்டில் 60 பேர். 'பணவீக்கத்தின் காரணங்களும் விளைவுகளும்' என்று அசைன்மென்ட் கொடுத்தேன். பாதிக்கு மேல் ஒரே மாதிரி வந்தது, உட்தலைப்புகளின் வரிசைகூட மாறவில்லை. சாட்ஜிபிடிதான் என்று தெரிகிறது, நிரூபிக்க வழியில்லை. இனி கையால் எழுதி வரச் சொல்லிவிடலாமா அம்மா?
– உதவிப் பேராசிரியர், தேனி மாவட்டம்

வேண்டாம் சார். 2023-ல் நானும் அதைத்தான் செய்தேன். செல்போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையால் எழுதி வந்தார்கள். அதற்கு முன்னால் சீனியர் நோட்டைப் பார்த்து எழுதினார்கள். அந்த நோட்டில் இருந்தது எந்தக் கைடில் இருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், மார்க்கும் போட்டிருக்கிறேன். உங்கள் கேள்விக்கு ஊரெங்கும் ஒரே பதில்தான் உண்டு. அதனால்தான் பிள்ளைகளும் அதையே கொண்டு வருகிறார்கள். மாற்ற வேண்டியது கேள்வியை.

நான் இப்போது திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் வாரம் இரண்டு நாள் வகுப்பு எடுக்கிறேன். தேவை-அளிப்பு பாடத்துக்கு நான் கொடுக்கும் அசைன்மென்ட் இது: ஒரே நாளில் ஒட்டன்சத்திரம் கமிஷன் மண்டி, உழவர் சந்தை, உங்கள் தெருக்கடை மூன்றிலும் முருங்கைக்காய் என்ன விலை? இரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள் குறித்து வாருங்கள். யாரிடம் கேட்டீர்கள், எத்தனை மணிக்குக் கேட்டீர்கள் என்பதும் நோட்டில் இருக்க வேண்டும்.

முதல் நாளே சிக்கல். மண்டியில் எடைக்கணக்கு, தெருக்கடையில் எண்ணிக்கை. இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? ஒரு பெண் கடைக்காரரிடம் கேட்டுப் பத்துக் காயைத் தராசில் வைத்து நிறுத்து வந்தாள். அலகு மாற்றுவதைப் பற்றி நான் அரைமணி நேரம் பேசியிருந்தாலும் அந்தத் தெளிவு வந்திருக்காது. முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் விலை ஏறியதை இன்னொருவன் பிடித்தான். மண்டியில் மூட்டை தூக்குபவரின் மகன், வகுப்பில் வாயே திறக்காதவன், காய் ஏற்றிப்போகும் கேரளா லாரி வராத அன்று சரக்கு தேங்கி விலை இறங்குவதை எழுந்து நின்று விளக்கினான். தேவை குறைந்தால் விலை குறையும் என்பதை அவன் வீட்டுச் சாப்பாட்டில் பார்த்திருக்கிறான். இத்தனை வருடம் அதை அவனிடம் யாரும் கேட்கவில்லை, நானும்தான்.

எல்லோராலும் மண்டிக்குப் போக முடியாது. விடுதிப் பெண்கள் மெஸ்ஸுக்குக் காய் வாங்கும் கணக்கையும், வீட்டுக்குப் போன் செய்து கேட்ட விலையையும் எழுதினார்கள். இரவு வேலைக்குப் போகும் பையன்களுக்குத் தெருக்கடை விலை மட்டும் போதும் என்றேன்.

ஏஐயை நான் தடுக்கவில்லை. குறித்து வந்த விலைகளை வைத்து 'ஏன் இந்த வித்தியாசம்?' என்று அதனிடம் கேட்கலாம். ஆனால் அது சொன்னதில் எது நம் ஊருக்குப் பொருந்தவில்லை என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். அந்தப் பக்கத்தைத்தான் நான் முதலில் திருத்துவேன்.

மார்க் பத்து: நோட்டுக்கு 4, எழுத்துக்கு 2, வாய்மொழிக்கு 4. ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றாலே 60 பேருக்கு ஐந்து மணி நேரம். அதனால் ஐந்தைந்து பேராக உட்கார வைத்து, ஒருவர் நோட்டை அடுத்தவரிடம் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல்கிறேன். பிள்ளைகள் என்னைவிடக் கறாராகக் கேட்கிறார்கள். உங்கள் பணவீக்கத்துக்கு வீட்டு மளிகை ரசீதும் கேஸ் சிலிண்டர் பில்லும் போதும்.

நானே எழுதிய ஆங்கிலக் கட்டுரையை ஏஐ எழுதியது என்று ஒரு மென்பொருள் காட்டியதாம். மேம் பூஜ்யம் போட்டுவிட்டார். நான் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். என்ன செய்வது மேடம்?
– பெயர் வேண்டாம் என்ற மாணவி, கரூர்

உன் கடிதத்தைப் படித்து மனது கனத்தது அம்மா. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கும் இப்படி ஒரு கருவியை வெளியிட்டது. துல்லியம் போதவில்லை என்று அந்த ஜூலையிலேயே அதை நிறுத்திவிட்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேல் 'ஏஐ' என்று தவறாக வந்தது. எளிய சொற்கள், அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கக்கூடிய வாக்கியங்கள் என்றால் இந்தக் கருவிகள் சந்தேகப்படுகின்றன. புதிதாக ஆங்கிலம் கற்ற பிள்ளை வேறு எப்படி எழுதும்?

மேமிடம் சண்டைக்குப் போகாதே. 'இந்தக் கட்டுரையில் எங்கிருந்து வேண்டுமானாலும் கேளுங்கள், பதில் சொல்கிறேன்' என்று நேரில் கேள். தமிழில் விளக்க அனுமதி கேட்பதிலும் தவறில்லை. அவர் மறுத்தால் ஹெச்ஓடியை, அதாவது துறைத் தலைவரைப் பார். கூகுள் டாக்ஸில் டைப் செய்திருந்தால் அதில் திருத்த வரலாறு இருக்கும், எந்த நாள் எந்த வரி சேர்த்தாய் என்று காட்டும். போகும்போது அடித்துத் திருத்திய ரஃப் நோட்டையும் எடுத்துக்கொண்டு போ.