ராக்கில் போல்ட்டு இருந்தும் ஈஆர்பி வாங்கச் சொல்வது ஏன்?

வணக்கம். பம்பு தொழிற்சாலை ஸ்டோரில் பணிபுரியும் நீங்கள், ராக்கில் போல்ட்டுகள் கண்ணெதிரே இருந்தும் ஈஆர்பி (இருப்பு, கொள்முதல், உற்பத்தி ஆகியவற்றை ஒருங்கே நிர்வகிக்கும் மென்பொருள்) மீண்டும் வாங்கச் சொல்வதாகவும், இதைப் புரிந்துகொள்ள அத்தகைய மென்பொருள்களில் ஒன்றான எஸ்ஏபியின் பயிற்சியில் சேரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பணம் கட்டுவதற்கு முன் தாளில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

100 பம்புகளுக்கு, பம்புக்கு 8 வீதம் 800 போல்ட்டு தேவை. கையிருப்பு 500, ஏற்கெனவே ஆர்டர் செய்து வரவேண்டியது 200 என்றால், வாங்க வேண்டியது 100 மட்டுமே. சப்ளையருக்கு 10 நாள் ஆகுமெனில், தேவைப்படும் தேதிக்கு 10 நாள் முன்பே ஆர்டர் போயிருக்க வேண்டும். 1960களில் ஜோசப் ஆர்லிக்கி வகுத்த எம்ஆர்பி (பொருள் தேவைத் திட்டமிடல்) முறையின் கரு இவ்வளவுதான்.

உங்கள் விடையும் திரையில் தெரிவதும் வேறுபட்டால், பெரும்பாலும் பதிவில்தான் பிழை இருக்கும். வந்த சரக்கு வரவு வைக்கப்படாமலோ, அந்த 500-உம் வேறு ஆர்டருக்கு ஒதுக்கப்பட்டோ இருக்கலாம்; ஆனால், கிலோவில் வாங்கி எண்ணிக்கையில் வழங்கும் போல்ட்டு போன்ற பொருளில், நான் முதலில் சந்தேகிப்பது அலகு மாற்றத்தைத்தான்.

எஸ்ஏபி சான்றிதழ் ஆலோசகர் வேலை தேடுவோருக்கு உதவும். உங்கள் தேவைக்கு, திறந்த மூல மென்பொருளான ஈஆர்பிநெக்ஸ்ட்டில் மூன்றே பாகங்கள் கொண்ட ஒரு பம்பைப் பதிந்து, மேற்சொன்ன கணக்கை ஓட்டிப் பார்த்தாலே போதும்.