முதல் ஒலிப்பதிவுக்குப் போகும் முன்: கேள்வி - பதில்

கேள்வி: சினிமாவில் பாட வாய்ப்புத் தேடுகிறேன். டெமோ (வாய்ப்புக் கேட்டு அனுப்பும் மாதிரிப் பாடல்) எடுக்க முதன்முறையாக ஸ்டூடியோ போகிறேன். ரெக்கார்டு பட்டனை அழுத்துவதைத் தவிர சவுண்ட் என்ஜினியர் எனக்கு என்ன செய்வார்? (வாசகி, மதுரை)

பதில்: நிறையச் செய்வார். முதல் வேலை உங்கள் ஹெட்போன். அதில் உங்கள் குரல் தூக்கலாகக் கேட்டால் தெரியாமலே அடக்கிப் பாடுவீர்கள், சுருதி இறங்கும். இசை தூக்கலாக இருந்தால் கத்துவீர்கள், சுருதி ஏறும். சரியாக இல்லையென்றால் தயங்காமல் சொல்லுங்கள், சொன்னால்தான் அவருக்குத் தெரியும். கொஞ்சம் ரிவர்ப் (பெரிய கூடத்தில் பாடுவது போன்ற எதிரொலி) கேட்டு வாங்குங்கள். அது உங்கள் காதுக்கு மட்டும்தான், பதிவில் ஏறாது. குரல் பிந்திக் கேட்டால் பஃபரை (கணினி ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவு) 128 அல்லது 64 சாம்பிளுக்குக் குறைக்கச் சொல்லலாம். ஒரு காதைத் திறந்து வைத்துப் பாடுபவர் என்றால் அந்தப் பக்கத்து ஒலியை நிறுத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தாளத்துக்காக ஹெட்போனில் ஒலிக்கும் கிளிக் சத்தம் மைக்கில் புகுந்துவிடும், பிறகு எடுப்பது பெரும்பாடு.

மைக்குக்கும் வாய்க்கும் சுமார் ஒரு சாண் இடைவெளி, நடுவில் பாப் ஃபில்டர் (மூச்சுக்காற்று மைக்கில் மோதாமல் தடுக்கும் வலைத் திரை). நெருங்கினால் அடிக்குரல் கனத்துச் சொற்கள் மங்கும். 'ஸ', 'ஷ' சீறினால் அவர் மைக்கைச் சற்றுச் சாய்ப்பார். நீங்கள் தலையைத் திருப்ப வேண்டாம். வளையலைக் கழற்றிவிடுங்கள். பாடல் வரிகளைக் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில் வையுங்கள்.

முழுப் பாட்டையும் மூன்று நான்கு முறை நிறுத்தாமல் பாடிவிட்டு, பிசகிய வரிகளை மட்டும் பன்ச் செய்யுங்கள் (அந்த இடத்தில் மட்டும் மறுபடி பாடிப் பதிவது). தொடக்கத்திலேயே வரிவரியாக வெட்டி எடுத்தால் குரல் களைத்துப்போகும், பாட்டின் உணர்ச்சியும் நிற்காது. எந்த டேக்கில் (ஒருமுறை பாடிய பதிவு) எந்த வரி நன்றாக வந்தது என்று குறித்துவைத்துக் கோப்பவர் என்ஜினியர்தான். அந்தக் காதுக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள்.

கேள்வி: ஒரு என்ஜினியரால் பாடகர் புகழ்பெற்றது உண்டா? (வாசகர், திருச்சி)

பதில்: உண்டு, அமெரிக்க ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி. 1954 ஜூலையில் மெம்பிஸ் நகரில், ஸ்டூடியோவையும் சன் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தையும் நடத்திய சாம் ஃபிலிப்ஸ்தான் அவர் பாட்டைப் பதிவும் செய்தார். மெதுவான பாடல்கள் எதுவும் சரியாக அமையவில்லை. இடைவேளையில் எல்விஸ் ஒரு பழைய ப்ளூஸ் பாட்டை விளையாட்டாக வேகமெடுத்துப் பாட, ஃபிலிப்ஸ் அதையே முதலிலிருந்து பாடச் சொல்லிப் பதிவு செய்தார். சில நாட்களில் அது உள்ளூர் வானொலியில் ஒலித்தது. நம் ஊரிலும் இதற்கு இடமுண்டு. ட்ராக் பாட (முக்கியப் பாடகர் பாடும் முன் மாதிரியாகப் பாடுவது) வரும் புதியவர்களை நாள்தோறும் கேட்பவர் என்ஜினியர். அவசரமாக ஒரு குரல் தேவைப்படும்போது இசையமைப்பாளர் அவரிடமும் கேட்பார். நேரத்துக்கு வந்து, சொன்ன திருத்தத்தை அடுத்த டேக்கிலேயே பாடிக் காட்டுபவரின் பெயர்தான் அப்போது நினைவுக்கு வரும்.

கேள்வி: டெமோவில் பிட்ச் கரெக்‌ஷன் (சுருதி பிசகை மென்பொருளில் திருத்துவது) செய்யலாமா? (வாசகி, கோவை)

பதில்: ஒன்றிரண்டு ஸ்வரம் வழுக்கியிருந்தால் திருத்தலாம். முழுப் பாட்டையும் ட்யூன் செய்தால் கமகங்கள் தட்டையாகிவிடும். நேரில் பாட அழைக்கும்போது வித்தியாசமும் தெரிந்துவிடும். டெமோ ஒன்றரை நிமிடம் போதும். நீண்ட முன்னிசையை வெட்டி, பத்து விநாடிக்குள் குரல் வரும்படி செய்யுங்கள். மைனஸ் ஒன் ட்ராக் (குரல் இல்லாத இசை மட்டும்) உங்கள் கட்டைக்கு (சுருதிக்கு) ஒத்துவருகிறதா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். கிளம்பும்போது மிக்ஸ் செய்ததோடு (குரலும் இசையும் கலந்தது), எஃபெக்ட் இல்லாத வெறும் குரலையும் 24 பிட் வேவ் ஃபைலாக (தரம் குறைக்காத ஒலிக்கோப்பு) வாங்கிக்கொள்ளுங்கள். சில இசையமைப்பாளர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.