3டி பிரிண்டர் இல்லாமல் நூலகத்தில் மேக்கர்ஸ்பேஸ் நடத்த முடியுமா?

செங்கோட்டைப் பக்கம் கிளை நூலகத்தில் பிள்ளைகளுக்கு மேக்கர்ஸ்பேஸ், அதாவது கையால் பொருள்கள் செய்து பழகும் இடம், தொடங்க ஆசை, பிரிண்டர் வாங்கத்தான் பணமில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பிரிண்டரை மறந்துவிடுங்கள். ஒரு மேசையும் வாரம் தவறாமல் வரும் ஒரு பெரியவரும் போதும்.

முதலில் காகித மின்சுற்று. தடித்த அட்டை, சமையலறை அலுமினியத் தாள், செல்லோடேப், எல்இடி என்ற குட்டி விளக்கு, 3 வோல்ட் பட்டன் செல் (காசு போன்ற வட்ட பேட்டரி). தாளை விரல் அகலத்துக்கு வெட்டி இரண்டு தடங்களாக ஒட்டி, எல்இடியின் நீளக் கால் செல்லின் பிளஸ் பக்கம் போகும்படி வைத்தால் எரியும். எரியாவிட்டால் பெரும்பாலும் கால் மாறியிருக்கும், இல்லாவிட்டால் தாளுக்கும் காலுக்கும் நடுவே டேப் புகுந்திருக்கும். சிவப்பு எல்இடியையும் நீல எல்இடியையும் ஒரே செல்லில் இணையாகப் போட்டால் நீலம் எரியாது, ஏனென்றால் சிவப்பு செல்லின் அழுத்தத்தை 2 வோல்ட் பக்கம் இறக்கிவிடும், நீலத்துக்கோ 3 வோல்ட் அளவுக்கு வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள், பிள்ளைகளே மண்டையைக் குடைந்து கண்டுபிடிக்கட்டும், அதுதான் இதில் பெரிய சந்தோஷம்.

பட்டன் செல்லை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். வாண்டுகள் கூட வருவார்கள் என்றால் இரண்டு ஏஏ பேட்டரி, 100 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம், எல்லை தாண்டிக் கேரளத்தில் ஆரியங்காவுப் பக்கம் மலையாளத்தில் படிக்கும் நம் பிள்ளைகள் சிலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. செய்முறையைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள். அடுத்த மாதம் பக்கத்துத் தையல்கடை அக்காவைக் கூப்பிட்டுப் பழைய துணியில் பை தைக்கலாம்.