பி.பி.டி. முடித்து ஜெர்மனி போக

இங்கே பி.பி.டி. (பிசியோதெரபி இளநிலைப் பட்டம்) முடித்தவர் ஜெர்மனியில் மறுபடி 3 வருடம் படிக்கணுமா என்று கேட்டிருந்தீர்கள். தேவையில்லை. ஆனால் உங்கள் படிப்புக்கு அங்கே அரசு அங்கீகாரம் கிடைக்கும்வரை பிசியோதெரபிஸ்ட் என்று போட்டுக்கொள்ள முடியாது.

அங்கே படிப்பு 2,900 மணி நேர வகுப்பு, 1,600 மணி நேர மருத்துவமனைப் பயிற்சி. உங்கள் படிப்பை அதோடு ஒப்பிடுவார்கள். அதனால் மார்க் ஷீட் மட்டும் போதாது. பாடவாரியாக எத்தனை மணி நேரம் என்று கல்லூரி முத்திரையோடு இப்போதே வாங்கிவிடுங்கள். போனபிறகு கல்லூரி ஆபீஸ் வாசலில் அப்பாவை நிற்க வைக்காதீர்கள். குறை இருந்தால் பயிற்சியோ தேர்வோ சொல்வார்கள். ஜெர்மன் மொழியில் பெரும்பாலும் பி2 (நடுத்தரத்துக்கு மேற்பட்ட) நிலைத் தேர்ச்சி கேட்பார்கள்.

அப்புறம், நிணநீர் வடிகால் சிகிச்சைக்கு (வீக்கம் குறைய கையால் மெதுவாகத் தடவிச் செய்வது) தனிச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாமல் செய்தால் அரசுக் காப்பீட்டில் பணம் வராது.