வார்சா என்றால் எந்த வார்சா?

கே: பள்ளியில் 'வார்சா ஒப்பந்தம்' என்று ஒரு ராணுவக் கூட்டணியைப் பற்றிப் படித்தேன். வீட்டில் கிடைத்த பழைய விமான டிக்கெட்டிலும் வார்சா உடன்படிக்கை என்று அச்சாகியிருக்கிறது. இரண்டும் ஒன்றா?

ப: இல்லை. கையெழுத்தான ஊர் மட்டும்தான் ஒன்று, போலந்தின் தலைநகரம் வார்சா. டிக்கெட்டில் இருப்பது 1929இல் போட்டது. விமானத்தில் போகிறவர் இறந்தாலோ காயம்பட்டாலோ பெட்டி தொலைந்தாலோ விமான நிறுவனம் எவ்வளவு தர வேண்டும் என்று நாடுகள் கூடி வகுத்த விதி அது. ஒரே விபத்தில் நிறுவனம் திவாலாகிவிடாதபடி இழப்பீட்டுக்கு உச்சவரம்பு வைத்தார்கள், அதற்குப் பதிலாக, தன் மேல் தவறில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பை நிறுவனத்தின் தலையில் கட்டினார்கள். பெட்டிக்கு எடைதான் கணக்கு, கிலோவுக்கு அதிகபட்சம் சுமார் 20 டாலர்; உள்ளே பட்டுப்புடவை இருந்தாலும் பழைய துணி இருந்தாலும் அதே வரம்புதான். இந்தியா இதற்காகவே 1934இலும் 1972இலும் சட்டம் இயற்றியது. இதே விஷயத்துக்குப் பின்னால் வந்த மான்ட்ரியல் உடன்படிக்கையில் 2009இல் நாம் சேர்ந்துவிட்டதால், இப்போது பெரும்பாலான வெளிநாட்டுப் பயணங்களுக்கு அதுதான் செல்லும். பெட்டி உடைந்து வந்தால் 7 நாளுக்குள் எழுத்துமூலம் புகார் கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் படித்த கூட்டணி 1955 மே 14இல் பிறந்தது. அமெரிக்காவும் மேற்கு ஐரோப்பிய நாடுகளும் இருந்த நேட்டோ ராணுவக் கூட்டணியில் மேற்கு ஜெர்மனி சேர்ந்த சில நாளிலேயே சோவியத் யூனியன் தன்னோடு சேர்த்து எட்டு நாடுகளைத் திரட்டியது. பெயர்தான் வார்சா, அதிகாரமெல்லாம் மாஸ்கோவில். அந்தக் கூட்டணிப் படைகள் 1968இல் நுழைந்தது எதிரி நாட்டுக்குள் அல்ல, தங்கள் கூட்டாளியான செக்கோஸ்லோவாக்கியாவுக்குள். 1991இல் கூட்டணி கலைந்தது, 1999இல் போலந்தே நேட்டோவில் சேர்ந்துவிட்டது.

கே: வார்சா எழுச்சி நடந்தது 1943இலா, 1944இலா? இரண்டு விதமாகவும் எழுதுகிறார்களே?

ப: இரண்டு எழுச்சிகள் நடந்தன, இரண்டையும் ஒன்றாக்குவது இறந்தவர்களுக்குச் செய்யும் அநீதி. இரண்டாம் உலகப் போரில் வார்சாவைப் பிடித்த ஹிட்லரின் நாஜிகள் 1940இல் நகரத்துக்குள் மதில் எழுப்பி நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களை உள்ளே அடைத்தார்கள். 1942 கோடையில் அவர்களில் பெரும்பாலோரை ரயிலேற்றி ட்ரெப்ளிங்கா முகாமுக்கு அனுப்பிக் கொன்றார்கள். மிச்சமிருந்தவர்களையும் கொண்டுபோக 1943 ஏப்ரல் 19 அன்று படை உள்ளே வந்தபோது, கையில் கொஞ்சம் துப்பாக்கிகளும் பெட்ரோல் குண்டுகளும் வைத்திருந்த இளைஞர்கள், ஜெயிக்க முடியாது என்று தெரிந்தே ஒரு மாதம்போல எதிர்த்து நின்றார்கள். இது யூதக் குடியிருப்பின் எழுச்சி.

அடுத்தது 1944 ஆகஸ்ட் 1, மாலை 5 மணிக்குத் தொடங்கியது. போலந்தின் தலைமறைவுப் படை நகரத்தை மீட்க எழுந்து 63 நாள் போராடித் தோற்றது. ஒன்றரை லட்சம் பேருக்குக் குறையாமல் பொதுமக்கள் இறந்தார்கள். அதன்பிறகு ஜெர்மானியர்கள் ஆளில்லாத வீடுகளைத் தெருத்தெருவாகக் கொளுத்தியும் வெடிவைத்தும் தகர்த்தார்கள். இன்று நீங்கள் படத்தில் பார்க்கும் பழைய நகரம் போருக்குப் பிறகு திரும்பக் கட்டியது, பெலோட்டோ என்ற 18ஆம் நூற்றாண்டு ஓவியர் வரைந்த தெருக்காட்சிகளையும் துணைக்கு வைத்துக்கொண்டு. இன்றும் ஆகஸ்ட் 1 மாலை 5 மணிக்கு சைரன் ஒலிக்கும், ஓடுகிற கார்கள்கூட நிற்கும்.

மேற்கு ஜெர்மனியின் பிரதமர் வில்லி பிராண்ட் 1970 டிசம்பர் 7இல் மண்டியிட்டது 1943 எழுச்சியின் நினைவுச்சின்னத்துக்கு முன்னால். அதே நாளில் அவர் போலந்தோடு செய்துகொண்டதும் வார்சா ஒப்பந்தம்தான்! ஆண்டைச் சேர்த்தே எழுதுங்கள், குழப்பம் வராது.

கே: அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை ஆனது. வைத்த மூட்டின் லேபிளில் 'வார்சா' என்று இருக்கிறது. போலந்தில் செய்ததா?

ப: அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள வார்சாவாக இருக்கும். சின்ன ஊர்தான், ஆனால் செயற்கை மூட்டுத் தொழிலின் தலைநகரம். டிப்யூ நிறுவனம் 1895இல் எலும்பு முறிவுக்கான சிம்புகள் செய்து அங்கே தொடங்கியது, 1927இல் சிம்மர் என்ற இன்னொரு நிறுவனம் வந்தது. அந்த மாவட்டத்துக்கு கொஸ்கியஸ்கோ என்று பெயர். அமெரிக்க விடுதலைப் போரில் கோட்டைகள் கட்டித் தந்த போலந்து வீரர் அவர், அதனால் தலைமை ஊருக்கும் அவர் நாட்டின் தலைநகரின் பெயரையே வைத்தார்கள். அந்த லேபிளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதில் மூட்டின் அளவும் எண்ணும் இருக்கும். பின்னால் ஏதாவது சிக்கல் என்றால் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.